முறிக்கக் கூடாத பத்தியம்

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள கடைகளில் சர்க்கரை சேர்க்காத குளிர்பானக் குப்பி ஒன்றை எடுத்துப் பின்புறம் திருப்பினால், எறும்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தென்படலாம்: பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உகந்ததன்று. அஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டி சேர்ந்த உணவுப்பொருள்களில் இவ்வாசகம் இடம்பெற வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அது என்ன நோய் என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. இந்நோய் உள்ளவர் எதை உண்ணக் கூடாது என்று எச்சரிக்க விதி வகுத்த அரசு, அவர் எதை உண்டு வாழ்வார் என்னும் கேள்விக்கு அவர் குழந்தையாக இருக்கும் வரை அரைகுறையாகவே விடை சொல்கிறது. அவர் வளர்ந்த பிறகு அந்த அரைகுறை விடையும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பினைல்கீட்டோனூரியா ஒரு மரபுவழி வளர்சிதைமாற்றக் குறைபாடு. புரதத்தில் அடங்கிய அமினோ அமிலங்களுள் ஒன்று பினைல்அலனின். அதை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால், பினைல்அலனின் குருதியில் தேங்கி, மூளைக்குள் புகுந்து, அதன் வளர்ச்சியைக் குலைக்கிறது. பழுதுபட்ட மரபணுவைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கே நோய் வரும். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். அதனாலேயே இந்நோய் குடும்பத்தாருக்கு வானத்திலிருந்து விழுந்ததுபோல் தோன்றுகிறது.

1934இல் நார்வேயில் போர்க்னி எகெலாண்ட் என்னும் தாய், மனவளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளின் உடலில் வீசிய விநோத வாடைக்குக் காரணம் தேடி அலைந்து, ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரிடம் வந்து சேர்ந்தார். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது பச்சையாக மாறியது. அந்த நிறத்தைப் பின்தொடர்ந்தே நோய் அடையாளம் காணப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கெல்லும் உடன்பணியாளர்களும் பால்புரதத்தைச் சிதைத்து, கரியின் ஊடாகச் செலுத்திப் பினைல்அலனினை நீக்கி, எஞ்சியதை ஷீலா ஜோன்ஸ் என்னும் இரண்டு வயதுச் சிறுமிக்கு உணவாகக் கொடுத்தனர். குழந்தை தவழவும் நிற்கவும் தொடங்கியது. உணவில் மீண்டும் பினைல்அலனினைச் சேர்த்தபோது பெற்ற திறன்களை இழந்தது. ஒரு மரபணு நோயை உணவால் அடக்க முடியும் என்பது அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. 1960களில் ராபர்ட் கத்ரியின் குருதித்துளிச் சோதனை வந்தது. பிறந்த சில நாட்களிலேயே நோயைக் கண்டறிய இயன்றது.

இதற்கு அடுத்த கட்டத்தில் மருத்துவம் ஒரு பிழை செய்தது. மூளை வளர்ந்து முடிந்தால் ஆபத்து நீங்கிவிடும் என்று கருதி, பள்ளிப் பருவத்திலேயே உணவுக் கட்டுப்பாட்டை நிறுத்துவது பல நாடுகளில் வழக்கமாயிற்று. நிறுத்தியவர்கள் வளர்ந்தபோது கவனச் சிதறலும், பதற்றமும், மனச்சோர்வும், திட்டமிட்டுச் செயல்படுவதில் தடுமாற்றமும் பலரிடம் காணப்பட்டன. சிலருக்கு நடுக்கமும் வந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2000இல் வெளியிட்ட ஒருமித்த கருத்தறிக்கை கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்றது. அதன் பிறகும் வல்லுநர்களிடையே ஒரு கருத்துவேறுபாடு நீடிக்கிறது. 2014இன் அமெரிக்க வழிகாட்டி எல்லா வயதினருக்கும் குருதியில் லிட்டருக்கு 360 மைக்ரோமோல் என்னும் உச்சவரம்பை வைக்கிறது. 2017இன் ஐரோப்பிய வழிகாட்டி பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 600 வரை இடம் தருகிறது. கருவுறும் பெண்களை விலக்கிப் பார்த்தால், இந்தியச் சூழலுக்கு ஐரோப்பிய வரம்பே பொருந்தும். எட்ட முடியாத இலக்கு நோயாளியை மருத்துவமனையிலிருந்து விரட்டுவதற்கு மட்டுமே பயன்படும்.

தமிழில் இச்சிகிச்சைக்கு ஆயத்தமாக ஒரு சொல் உண்டு: பத்தியம். மருந்து உண்ணும் காலத்தில் புளி, உப்பு, அசைவம் விலக்குவதும், பிள்ளை பெற்றவளுக்கு நாள் கணக்கு வைத்துச் சமைப்பதும் அச்சொல்லுக்குள் அடங்கும். ஆனால் அச்சொல்லுக்குள்ளேயே ஒரு முடிவுநாளும் அடங்கியிருக்கிறது. பத்தியம் இருந்தவர் ஒரு நாள் பத்தியத்தை முறிப்பார். முறிப்பதே குணமானதற்கு அடையாளம். வளர்ந்த மகனைப் பார்த்து ‘இன்னுமா பத்தியம்?’ என்று உறவினர் கேட்பது இந்தப் பொருளில்தான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு இன்று முழுக்க நோயாளியின் தலையில் விழுகிறது.

பத்தியத்தை முழுதாக விட்டவரைவிடப் பாதியாகக் கடைப்பிடிப்பவரின் நிலை சில வேளைகளில் மோசமாகிறது. இச்சிகிச்சைக்கு இரண்டு கைகள் உண்டு. இயற்கைப் புரதத்தைக் குறைப்பது ஒன்று. பினைல்அலனின் நீக்கப்பட்ட அமினோ அமிலக் கலவையை நாளுக்கு மூன்று நான்கு வேளை அருந்துவது மற்றொன்று. டைரோசினும் வைட்டமின்களும் தாதுக்களும் அக்கலவையில் இருந்தே வருகின்றன. அதன் வாடையும் சுவையும் சகிக்க முடியாதவை. விலையோ அதனினும் சகிக்க முடியாதது. எனவே வளர்ந்தவர்கள் முதலில் கைவிடுவது கலவையைத்தான். பருப்பையும் பாலையும் ஒதுக்கும் பழக்கம் மட்டும் குழந்தைப் பருவத்திலிருந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விளைவு: புரதப் பற்றாக்குறையும் பி12 பற்றாக்குறையும். பிறப்பிலிருந்தே சைவம் உண்ணும் மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்களில் பி12 ஏற்கெனவே விளிம்பில் நிற்கக்கூடியது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றினும் கொடியது தாய்மைக் காலத்தில் நேர்வது. பத்தியத்தை விட்ட பெண் கருவுற்றால், அவருடைய குருதியில் மிகுந்திருக்கும் பினைல்அலனின் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. குழந்தைக்கு நோயின் மரபமைப்பு இல்லாவிட்டாலும் சிறுத்த தலை, இதயக் கோளாறு, அறிவு வளர்ச்சிக் குறை ஆகியவை நேரலாம். லெங்கேயும் லெவியும் 1980இல் பன்னாட்டுத் தரவுகளைத் தொகுத்து இதை ஐயமற நிறுவினர். 1984இல் தொடங்கிய கூட்டாய்வு, கருவுறுவதற்கு முன்பிருந்தே பத்தியம் காத்தால் இப்பேரிழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்று காட்டியது. அதாவது, குழந்தையாக இருந்தபோது காப்பாற்றப்பட்டு, படித்து, வேலைக்குச் சென்று, மணம் முடித்த பெண்ணின் வயிற்றில் அந்த வெற்றி தோல்வியாக மாறக்கூடும். அதற்குத் தேவைப்படுவதெல்லாம் ‘வளர்ந்துவிட்டாய், இனி எல்லாம் உண்ணலாம்’ என்று ஒருவர் சொல்வதும், மணம் பேசும்போது வீட்டார் நோயை மறைப்பதும், கருவுற்றவளை எல்லாரும் பருப்பும் பாலும் முட்டையும் நிறைய உண்ணச் சொல்வதும்தான். கடைசியாகச் சொன்ன அறிவுரை மற்ற எல்லாப் பெண்களுக்கும் சரியானது என்பதே இதில் உள்ள சிக்கல்.

இனி அடுப்படிக்கு வரலாம். கடுமையான வகை நோயுள்ள வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குத் தாங்கக்கூடியது பெரும்பாலும் 250 முதல் 500 மில்லிகிராம் பினைல்அலனின். ஒரு கிராம் புரதத்தில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் இருப்பதால், இயற்கைப் புரதம் ஐந்து முதல் பத்துக் கிராம் வரை மட்டுமே. நூறு கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் அளவுக்கும், உளுத்தம்பருப்பில் 23 கிராம் அளவுக்கும் புரதம் உண்டு. வெள்ளை அரிசியிலேகூட எட்டுக் கிராம் அளவுக்கு உண்டு. நான்கு இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும் உண்டு எழுந்தால் அன்றைய கணக்கு அங்கேயே முடிந்துவிடும். மதியச் சோறு கடனில் தொடங்கும்.

தாராவியின் தமிழ் வாழ்வில் இட்லி வெறும் சிற்றுண்டி அன்று. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்து குடியேறியவர்களின் பகுதி அது. அங்கே விடியுமுன் இட்லி அவித்து, நகரெங்கும் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் கொண்டுபோய் விற்பது பல குடும்பங்களின் பிழைப்பு. உளுந்து ஊறும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் உளுந்து விலக்கு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றை அறையில் தனிச் சமையலுக்கு இடமும் இல்லை, எரிவாயுவும் மிஞ்சாது. மேலைநாட்டு நோயாளிக்குக் கடையில் கிடைக்கும் புரதம் குறைத்த ரொட்டியும் மாவும் இங்கே இறக்குமதிப் பொருள்கள்.

ஆயினும் தமிழ்ச் சமையல் இந்நோய்க்கு முற்றிலும் பகையானது என்று கொள்ள வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கில் புரதம் மிகக் குறைவு. அதன் மாவிலிருந்து சேலத்தில் செய்யப்படும் ஜவ்வரிசியில் நூறு கிராமுக்கு அரைக் கிராம்கூட இல்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி, மேலைநாட்டு மருத்துவ உணவு நிறுவனங்கள் ஆய்வகத்தில் உருவாக்கி விற்கும் பொருளுக்கு மிக நெருங்கியது. சத்தில்லாத உணவு என்று ஊட்டச்சத்து மேடைகளில் அதைப் பழிப்பவர்கள் இந்த ஓர் இடத்திலாவது அதற்கு மரியாதை செய்யலாம். கூவைக்கிழங்கு மாவு, சுரைக்காய், வெண்பூசணி, வெல்லம், நெய், வாழைப்பழம் எனப் பட்டியல் நீளும். மும்பையில் ஜவ்வரிசி என்றதும் நினைவுக்கு வருவது மராத்தியரின் விரதகால உணவான சாபுதானா கிச்சடி. அதில் வறுத்துப் பொடித்த வேர்க்கடலை கொட்டப்படும். நூறு கிராம் கடலையில் 24 கிராம் அளவுக்குப் புரதம். கடலையை நீக்கினால் அது பத்திய உணவு, சேர்த்தால் நஞ்சு. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை எந்த அச்சிட்ட பட்டியலும் தானாகச் சொல்லிவிடாது. அந்தச் சமையலறையை அறிந்த உணவியல் வல்லுநர்தான் சொல்ல முடியும்.

விரதம் என்றதும் இன்னொரு நோய்க்கூட்டத்தைப் பேசியாக வேண்டும். யூரியா சுழற்சிக் குறைபாடுகளில் புரதச் சிதைவால் விளையும் அம்மோனியாவை உடலால் அகற்ற முடிவதில்லை. இக்குறைபாடுகளின் இலேசான வடிவங்கள் வளரும் வரை வெளிப்படாமலே இருக்கக்கூடும். பட்டினி கிடந்தால் உடல் தன் தசையையே சிதைக்கும், அம்மோனியா ஏறும். ஆக, இந்நோயாளிக்கு மிகுபுரதமும் ஆகாது, உபவாசமும் ஆகாது. 2017இல் ஆஸ்திரேலியாவில், உடற்கட்டுப் போட்டிக்காகப் புரதப் பொடியும் மிகுபுரத உணவும் உண்டுவந்த 25 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். யூரியா சுழற்சிக் குறைபாடு இருந்தது பிறகே தெரிந்தது. செம்பூரிலும் தாராவியிலும் தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகி, புரதப் பொடி டப்பா டப்பாவாக விற்கும் காலத்தில் இது தொலைதூரச் செய்தியாகாது.

இக்குறைபாடுகளுள் ஒன்றான ஓடிசி குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அதைச் சுமக்கும் பெண்கள் பல்லாண்டு நலமாக வாழ்ந்து, பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய நாட்களில் திடீரெனக் குழம்பிப் பிதற்றி மயக்கத்தில் ஆழ்வது உண்டு. பேறுகாலப் பித்து என்றோ பேய் பிடித்தது என்றோ பெயர் சூட்டப்படுவதற்குள், குருதியில் அம்மோனியாவை அளந்தால் உயிர் பிழைக்கும். மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து விரைந்து ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர அச்சோதனையில் அரிதானது ஒன்றுமில்லை. வளர்ந்தவர்களைப் பார்க்கும் மருத்துவர் மனத்தில் அந்த ஐயம் எழ வேண்டும், அவ்வளவே. மரபுவழி வளர்சிதைமாற்ற நோய் குழந்தை மருத்துவரின் பாடம் என்று கற்றுவந்தவருக்கு அது எழுவதில்லை.

இந்தியாவில் 2021 மார்ச்சில் வெளியான அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, சிறப்பு மருத்துவ உணவால் சமாளிக்கத்தக்க நோய்களைத் தனிப் பிரிவாக வகுத்தது. பினைல்கீட்டோனூரியா, மேப்பிள் சிரப் சிறுநீர் நோய், ஹோமோசிஸ்டினூரியா, யூரியா சுழற்சிக் குறைபாடுகள் ஆகியன அதில் உள்ளன. உணவை மருந்தாக ஏற்றுக்கொண்ட வகையில் அது பாராட்டத்தக்க தொடக்கம். ஆனால் அப்பிரிவினருக்கு உதவுவதை மாநில அரசுகள் ‘பரிசீலிக்கலாம்’ என்று விட்டுவிட்டது. 2022இல் எல்லாப் பிரிவினருக்கும் 50 இலட்சம் ரூபாய் வரை உதவி என்று திருத்தம் வந்தது. தொகை பெரிது, அதன் வடிவம்தான் பொருந்தவில்லை. ஓர் உறுப்பு மாற்றுக்கோ விலைமிக்க மருந்துக்கோ ஏற்ற வடிவம் அது. பத்தியக்காரருக்குத் தேவைப்படுவது மாதந்தோறும், தவறாமல், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு வந்துசேரும் ஒரு சிறு பொட்டலம். 2023இல், சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்யப்படும் இத்தகைய உணவுகளுக்குச் சுங்க வரியும், பின்னர் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியும் விலக்கப்பட்டன. அதற்கு அரசு நலவாழ்வு அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வாங்கி இறக்குமதி செய்யும் வழி செம்பூரின் மாதச் சம்பளக்காரருக்கு ஒருவேளை திறக்கும். தாராவியின் கூலித் தொழிலாளிக்கு வரிவிலக்கால் ஆவதென்ன?

கொள்கையின் உயர்சிறப்பு மையங்களுள் ஒன்று மும்பை பரேலில் உள்ள கேஇஎம் மருத்துவமனை. சயானில் இரயில் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். வளர்ந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பொதுவான பெரிய மருத்துவமனை அது என்பதால், ஒரு நோயாளி ஒரே வளாகத்துக்குள் குழந்தைப் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாறுவது அங்கே இயலக்கூடியது. சென்னையில் இதே தகுதி எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தரப்பட்டுள்ளது. குழந்தைகளுக்கு அது சரியான இடம்தான். பதினெட்டு வயது நிரம்பியவர் அடுத்து எங்கே செல்வார் என்பதைக் கொள்கை தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை மருத்துவம் வளர்த்துவிட்ட நோயாளியை ஏற்கப் பெரியவர் மருத்துவத்தில் ஒரு கதவு இருந்தாக வேண்டும்.

காசநோயும் நீரிழிவும் மண்டிய தாராவியில், விரல்விட்டு எண்ணத்தக்கவர்களுக்காக ஏன் இவ்வளவு வாதம் என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை காசநோய்த் திட்டத்திலேயே இருக்கிறது. 2018 முதல் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். உணவு சிகிச்சையின் பகுதி, அதை மாதந்தோறும் நோயாளியிடம் சேர்ப்பது அரசின் கடமை என்னும் கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. அதே தடத்தில் மிகச் சிலருக்கு வேறொரு பொட்டலத்தை அனுப்பப் புதிய தத்துவம் ஏதும் தேவைப்படாது. அவர்கள் சிலரே என்பதும் முழு உண்மை என்று சொல்வதற்கில்லை. நாடு முழுவதற்குமான பிறந்த குழந்தைச் சோதனைத் திட்டம் இல்லாத நாட்டில் எண்ணிக்கை குறைவாகத் தெரிவது, எண்ணாததாலும் இருக்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 28 விழுக்காடு திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. அத்தை, மாமன் மக்கள் மணந்தால், பொது மூதாதையிடமிருந்து வந்த ஒரே மரபணுவின் இரு படிகளைக் குழந்தை பெறும் வாய்ப்பு, எந்த ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டாலும், பதினாறில் ஒன்று. தாய்மாமனை மணந்தால் எட்டில் ஒன்று. மும்பைக்கு இரயிலேறியவர்கள் உறவுமுறைகளையும் உடன் கொண்டே வந்தனர். இதைச் சொல்வது ஒரு சமூகத்தைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. தேட வேண்டிய இடம் எது என்று காட்டுவதற்காக.

தவறாக எண்ணப்படுவதும் உண்டு. ஹோமோசிஸ்டினூரியா உள்ளவர் முப்பது வயதில் குருதிக்கட்டியோடு மருத்துவமனைக்கு வரக்கூடும். குருதியில் ஹோமோசிஸ்டீன் மிகுந்திருப்பது தெரிந்ததும், சைவர்தானே, பி12 குறைவு என்று முடிவுகட்டி அனுப்புவது எளிது. மெத்தியோனினையும் சேர்த்து அளந்தால் குட்டு வெளிப்படும்: பி12 குறைவில் அது தாழ்ந்தோ இயல்பாகவோ இருக்கும், செவ்வியல் ஹோமோசிஸ்டினூரியாவில் ஏறியிருக்கும். சிலருக்கு பி6 வைட்டமினே போதும். மற்றவர்களுக்கு மெத்தியோனின் குறைத்த பத்தியம் வாழ்நாள் முழுதும் வேண்டும்.

மருந்துகள் வந்துவிட்டனவே என்பாரும் உளர். பினைல்கீட்டோனூரியாவுக்கு அமெரிக்காவில் 2007இல் சாப்ரோப்டெரினும், வளர்ந்தவர்களுக்கென 2018இல் பெக்வாலியேஸ் ஊசியும் ஒப்புதல் பெற்றன. முன்னது ஒரு பகுதி நோயாளிகளுக்கே பயன்படும்; பின்னதன் விலையைத் தாராவியில் பேசுவது கேலியாகும். இன்னும் நெடுங்காலத்துக்கு இங்கே மருந்து என்றால் உணவுதான்.

அந்த உணவை ஆராயும் வேலை கல்விப்புலத்தாருடையது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப்பொருள் கூட்டமைவு அட்டவணை 528 உணவுப்பொருள்களை ஆராய்ந்து, அமினோ அமில அளவுகளையும் தருகிறது. அரிய உழைப்பு. ஆனால் அது பெரும்பாலும் சமைக்காத பொருள்களின் கணக்கு. நோயாளி உண்பது புளித்து வெந்த இட்லியை. வீட்டுக்கு வீடு உளுந்தின் விகிதம் மாறும் இட்லியை. மாட்டுங்காவிலேயே வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அதில் உணவுப் பொறியியல் துறையும் இருக்கிறது. அங்கிருந்து தாராவியின் இட்லிக் கொட்டகைகள் நடக்கும் தொலைவு. மனையியல் படிக்கும் முதுகலை மாணவர் ஒருவரின் ஓராண்டு ஆய்வேட்டுக்குள் அடங்கக்கூடிய வேலை இது: ஐம்பது வீடுகளின் இட்லி, தோசை, சாம்பார், ரசம், கூட்டு ஆகியவற்றை எடையிட்டு, புரதத்தை அளந்து, கிராம் கணக்கைக் கரண்டிக் கணக்காக மாற்றித் தமிழில் ஒரே தாளில் அச்சிடுவது. அடுத்து, உளுந்துக்கு மாற்றாக ஜவ்வரிசி மாவும் மரவள்ளி மாவும் சேர்த்து, புளிக்கவும் பொங்கவும் கூடிய ஓர் இட்லி மாவை உருவாக்கிப் பார்ப்பது. உளுந்தின் பசையில்லாமல் மாவு காற்றைப் பிடித்துவைக்குமா என்பது விடை காண வேண்டிய முதல் கேள்வி.